தாழ்ப்பாள் படத்தின் பின்பக்கம்

லாஸ்பேட்டையில் இருக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கு அவர் மாதம் ஒருமுறை வருவார். ஒடிசலான உடம்பு, எப்போதும் முழுக்கைச் சட்டை. காகிதத்தைத் தொடும் முன் உள்ளங்கைகளைச் சட்டையில் அழுத்தித் துடைத்துக்கொள்வார். மனிதர்கள் விண்வெளிக்குப் போன கலங்களின் அசல் பொறியியல் வரைபடங்களை வெளிநாட்டு ஏலங்களில் எடுத்துச் சேர்ப்பவர்.

ஒருநாள், கலத்தின் கதவுத் தாழ்ப்பாள் படமொன்றை நகலெடுக்கக் கொடுத்தார். போன் வந்ததும் பேசிக்கொண்டே வெளியே போனார். படத்தின் ஓரத்தில் பென்சில் கிறுக்கல் இருந்தது. நகல் பளிச்சென்று வரட்டுமே என்று அதை ரப்பரால் அழித்துவிட்டேன்.

திரும்பி வந்து தாளைப் பார்த்தவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தப் பென்சிலுக்காகத்தான் சார் இத வாங்குனேன். தாழ்ப்பாள் உள்ளேர்ந்து தொறக்காதுன்னு ஒரு இன்ஜினியர் கண்டுபுடிச்சு, திருத்திக் கையெழுத்து போட்டிருந்தாரு."

தாளை எட்டிப் பார்த்துக் கேட்டேன். "இப்ப என்ன சார் பண்றது?"

அவர் தாளைத் திருப்பி வைத்துப் பென்சிலை நீட்டினார்.

"இதுல யார் கை வெச்சாலும், என்ன பண்ணாங்கன்னு எழுதிக் கையெழுத்து போடணும். அதான் அந்த இன்ஜினியருங்க வழக்கம். எழுதுங்க."

'நகல் நன்றாக வரவேண்டும் என்று அழித்தேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அவர் வரும் வழியில் வேறு மூன்று ஜெராக்ஸ் கடைகள் இருக்கின்றன. அடுத்த மாதமும் என் கடைக்கேதான் வந்தார். ஏனென்று கேட்க எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.