அணைக்க விடாதவர்

எங்கள் கோட்டாறு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படங்களைச் சேமித்து வைக்கும் சர்வர் கணினி ஒரு நாள் காலையில் தடுமாறியது. டிஸ்க்கிலிருந்து உரிய நேரத்தில் பதில் வரவில்லை என்று திரை திரும்பத் திரும்பச் சொன்னது. பழுது பார்க்க வந்த பெண் பொறியாளர் குள்ளமானவர். பேசும்போதெல்லாம் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வார்.

மேலாளர் அவசரப்பட்டார்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்மா. ஆளுவ வெளிய காத்து நிக்காவ."

"மாட்டேன் சார். டிஸ்க் சாகக் கெடக்கு. அணைச்சா எழும்பாது. எல்லாருக்க ஸ்கேன் படமும் போயிரும். முதல்ல வேற டிஸ்க்குல காப்பி எடுக்கணும்."

"சொன்னதைச் செய்யி."

"அப்போ என்னைத் தள்ளிட்டு நீங்களே அணைச்சுக்கிடுங்க."

நாற்காலியை இழுத்து சர்வருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டார். மதியம் படங்களையெல்லாம் காப்பி எடுத்து முடித்த பிறகு அவரே அணைத்தார். அந்த டிஸ்க் மறுபடி எழும்பவே இல்லை. படங்கள் பிழைத்தன.

மேலாளர் அவருடைய கம்பெனிக்குப் புகார் அனுப்பினார். அடுத்த முறை வேறொருவர் வந்தார். முகமறியாத நோயாளிகளுக்காக அந்தப் பெண் ஏன் அப்படி மல்லுக்கு நின்றார் என்று இன்றும் யோசிக்கிறேன்.