வீட்டுப் பேர் மாறின உத்தையா

உத்தையா அண்ணனை எனக்குப் பிடிக்கும், அவரோட பொறுமையைத்தான் சகிக்க முடியாது. காபித் தோட்டம் பார்க்க, மலையேற வர்ற கூட்டத்தை என் ஜீப்புல கொண்டுபோய் இறக்கினா, "வாங்க, வாங்க"ன்னு வாசல்ல நிப்பாரு. மிளகுக்கொடியைக் காட்டுவாரு, ஏலக்காயைக் கிள்ளி மோந்து பார்க்கச் சொல்லுவாரு. "இவ்வளவும் உங்களுதா சார்?"னு யாராவது கேட்டா மட்டும் மனுஷனுக்கு இருமல் வந்துரும்.

அவர் பொறந்தது எதிர்மலையில, மல்லேயண்ட வீட்ல. ஆண்வாரிசு இல்லாத கூவலேர வீட்டுக்குத் தேச்சம்மாவைக் கட்டி வந்தாரு. எங்க குடகுல வீட்டோட மாப்பிள்ளைன்னா சும்மா இல்ல. வீட்டுப் பேரே மாறிடும். பொறந்த வீட்ல பங்கும் கிடையாது, பாத்தியதையும் கிடையாது.

போன மழையில தேச்சம்மா போய்ச் சேர்ந்துட்டா. பிள்ளையும் இல்ல. மிச்சம் மாமியார் போஜவ்வாதான். "நீங்களும் கிளம்பிட்டா இந்த வீட்டு விளக்கை யாரு ஏத்துவா மாப்ளே?"ன்னு விடிஞ்சதுமே ஆரம்பிச்சுரும். நானா இருந்தா அன்னிக்கே பெட்டியைக் கட்டியிருப்பேன்.

"எங்க அண்ணன்கிட்ட கேட்டுடப் போறேன்டா. என் பழைய ரூம் சும்மாத்தான் கிடக்கு. அங்க கிடந்து செத்தாப் போதும்"னாரு உத்தையா அண்ணன் ஒருநாள்.

எங்க அறுவடைப் பண்டிகை புத்தரி அன்னிக்குச் சாயங்காலம் நான்தான் அவரை மல்லேயண்ட வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். எந்த மூலையில இருந்தாலும் அன்னிக்குச் சொந்த வீட்டுக்கு வந்து முதல் கதிர் அறுப்போம். வெடிச் சத்தம் கேட்டதும் எல்லாரும் "பொலி பொலி தேவா"ன்னு வயல்ல இறங்கினாங்க. இவரும் செருப்பைக் கழற்றிட்டு இறங்கி அரிவாளுக்குக் கை நீட்டினாரு.

அண்ணன் பெள்ளியப்பா இவரைத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்ச மனுஷன். அப்பல்லாம் "டேய் உத்தா"தான். இப்போ கையை மெதுவாப் பிடிச்சாரு.

"அட, விருந்தாளிக்கு எதுக்குங்க இந்த வேலை? வாங்க, மேல வந்து உட்காருங்க."

மரியாதைதான், ஒரு தப்பு சொல்ல முடியாது. அதனாலதான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. இவர் ரூம் பத்தி வாயே திறக்கல. பண்டிகை இனிப்பு தம்புட்டு கொடுத்தாங்க, தின்னாரு.

திரும்புற வழியில, "கேட்டுத் தொலைச்சிருக்கலாம்லண்ணே!"ன்னு கத்தினேன்.

"என்னை 'வாங்க'ன்னுட்டாருடா" அப்படின்னாரு.

மறுநாள் காலையில புதுக் கூட்டத்தை இறக்கினேன். உத்தையா அண்ணன் வழக்கம்போல வாசல்லதான் நின்னாரு. விளக்கு ஏத்தின எண்ணெய் விரல்ல அப்படியே இருந்துச்சு. வாயைத் திறந்தாரு, அந்த ஒரு வார்த்தை வரல. கையை மட்டும் உள்ளே காட்டினாரு.