சொன்னதைக் கேட்ட நோயாளி

நர்ஸ் வேலையில் ஊசி போடுவது சுலபம். மாத்திரையைக் கையில் கொடுத்து ஆளை வீட்டுக்கு அனுப்புவதுதான் கஷ்டம். இனிப்பு நீர் என்கிற சர்க்கரை நோய்க்காரர்களுக்கு மாத்திரை விளக்கம் சொல்லும் மேசையில் உட்கார்ந்த சக மிஸ்ஸிகளுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் அந்த மேசைக்கு நான் வந்து எட்டு மாதம் ஆகிறது. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வேலை இன்னும் உறுதியாகவில்லை. அதனால் எதையும் இரண்டு தடவை சொல்வேன்.

ரத்தப் பரிசோதனை

முனியாண்டி அங்கிள் பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் ஒரு தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர். மாத்திரைகளை மைலோ டின்னில் போட்டுக் கொண்டுவருவார். முதல் நாள் சர்க்கரை அளவுக்கு விரலில் குத்திப் பார்த்தேன். ஆறு. நல்ல அளவு என்று பாராட்டினேன். பிறகு, இரண்டு வாரத்துக்கு முன் எடுத்த ரத்தத்தின் முடிவைப் பார்த்தேன். அது மூன்று மாத நிலவரத்தைக் காட்டும் பரிசோதனை; ஏழுக்குக் கீழே இருந்தால் நல்லது. பத்து.

டின்னைக் கொட்டினால் இரண்டு மாத மாத்திரை அப்படியே இருந்தது. டாக்டரைப் பார்க்க வருவதற்கு முந்திய வாரம் மட்டும் தவறாமல் சாப்பிடுகிறாராம். அந்த ஒரு வாரத்தால் இந்தப் பரிசோதனையை ஏமாற்ற முடியாது என்று விளக்கினேன். அவர் கேட்டார்: "நேத்து சாப்பிட்டதே எனக்கு ஞாபகம் இல்ல. ரத்தத்துக்கு மட்டும் எப்படி மிஸ்ஸி மூனு மாசம் ஞாபகம் இருக்கு?"

கல்யாண டோஸ்

டின்னில் இன்னொரு கணக்கும் உதைத்தது. அந்த ஒரு வாரக் கணக்குக்கு மேல் இரண்டு மாத்திரை குறைந்தது. விசாரித்தால், ஜெராமில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். பிரியாணிக்கு ஒன்று, கேசரிக்கு ஒன்று என்று கூடுதலாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். அது ஆபத்து என்று இரண்டு தடவை சொன்னேன். "நான் மட்டுமா மிஸ்ஸி? எங்க மேசையில பத்து பேரு. மாத்திரை கொண்டு வராதவனுக்கு நாங்கதான் குடுத்தோம்."

ஐஸ்பெட்டியில் ஒட்டிய தாள்

டாக்டர் மூன்று மாதம் தவணை கொடுத்தார். அதற்குள் அந்தப் பத்து எட்டுக்குக் கீழே இறங்காவிட்டால் இன்சுலின் ஊசி. அங்கிளின் முகம் மாறிவிட்டது. ஊசி வலிக்கும் என்ற பயம் இல்லை அவருக்கு. ஊசி போடுகிற ஆள் மயங்கி விழுவான் என்று, நீளக் கம்பு அரிவாளைக் கொடுக்க வேலை வாங்கும் மண்டோர் யோசிப்பார், நர்சரியில் தண்ணி ஊற்றப் போகச் சொல்வார், சம்பளம் பாதியாகிவிடும் என்றார். ஊசி போட்டுக்கொண்டே வேலை செய்கிறவர்கள் உண்டு என்று சொன்னேன். "எங்க மண்டோருக்குத் தெரியாதே" என்றார்.

எனக்குத் தெரிந்த ஒரே வழி எழுதிக் கொடுப்பது. பெரிய வெள்ளை மாத்திரை சாப்பாட்டோடு. சின்ன மாத்திரை சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால். எந்த நாளும் தவறக் கூடாது. கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். அவர் மனைவி லெட்சுமி ஆண்ட்டி அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த மாதம் வந்து புகார் சொன்னார்: "ஐஸ்பெட்டியில ஒட்டி வச்சிருக்காரு மிஸ்ஸி. முப்பது வருஷமா நான் வாயால சொன்னதெல்லாம் வீணாப்போச்சு."

எண் நாற்பத்தேழு

தவணை முடியும் நேரத்தில் போனில் கூப்பிட்டு, கொழுப்பும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்ததால், ரத்தம் எடுக்க வெறும் வயிற்றோடு வரச் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன்.

வந்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் சாப்பிடவில்லை. ஆனால் தாளில் "எந்த நாளும்" என்று இருக்கிறதே? விடியக்காலை ஆறு மணிக்குச் சின்ன மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஆண்ட்டியைப் பின்னால் உட்காரவைத்து மோட்டார் ஓட்டி வந்திருக்கிறார். சர்க்கரையை இறக்குவதுதான் அந்த மாத்திரையின் வேலை. இறக்குவதற்கு வயிற்றில் ஒன்றுமில்லை. ஒன்பதரைக்கு, வரிசைச் சீட்டு எண் நாற்பத்தேழைக் கையில் பிடித்தபடி, சட்டை நனைய வியர்த்து, தோட்டத்தில் நிற்கிற நினைப்பில், "குலை ஏத்துற லோரி வந்திருச்சா?" என்று என்னைக் கேட்டார். விரலில் குத்தினால் 2.6. நாலுக்குக் கீழே போனாலே ஆபத்து.

சர்க்கரைத் தண்ணீரை உறிஞ்சிக் குடிக்க வைத்தேன். கால் மணி நேரம் கழித்து 4.9. ரத்தம் எடுத்ததும் ரொட்டி கொடுத்தோம். ஆண்ட்டி என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் சொன்னது இதுதான்: "கல்யாணம் ஆனதுலேருந்து இன்னைக்குத்தான் ஒருத்தர் சொன்னத முழுசா கேட்டிருக்காரு. இனிமே கேட்பாருங்கிறீங்க?"

காரணம் என்ற கட்டம்

சம்பவ அறிக்கையில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. சீனியரான சிஸ்டர் ஜெயந்தி நல்ல மனசோடு சொன்னார்: "நோயாளி தவறாகப் புரிந்துகொண்டார்னு போடுலா. எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க."

அவர் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. நான் சொன்ன இரண்டையும் சரியாகப் புரிந்து, சரியாகச் செய்தார். ரத்தம் எடுத்து முடித்துச் சாப்பிடப்போகும் வரைக்கும் மாத்திரை வேண்டாம் என்று நான்தான் சொல்லவில்லை. அப்படியே எழுதினேன். வேலை உறுதியாகும் கடிதம் இன்னும் வரவில்லை என்று தெரிந்தும் கொண்டுபோய் நீட்டினேன். சிஸ்டர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். "உண்மைய எழுதினா கட்டம் பத்தாது போல."

புதுத் தாள்

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது: 7.3. ஊசி வேண்டாம் என்றார் டாக்டர். சின்ன மாத்திரையையும் பாதியாகக் குறைத்தார். அங்கிள் சிரிக்கவில்லை. ஒரு தடவை தலையை மட்டும் ஆட்டினார். ஆண்ட்டிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் புதுத் தாள் எழுதினேன். ரத்தம் எடுக்கும் நாள், காய்ச்சலில் சாப்பிட முடியாத நாள், விரத நாள் எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு வரி. நடுக்கம் வந்தால் குடிக்க வேண்டியது தனியாக. அங்கிள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்து, கடைசி வரி வரைக்கும் படித்தார். பிறகு தாளைத் திருப்பி, பின்பக்கம் காலியாக இருப்பதையும் பார்த்துக்கொண்டார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மிஸ்ஸி, இதுல எதையாவது உட்டுட்டீங்களா?"

சொன்னதைக் கேட்காத நோயாளியை எப்படிச் சமாளிப்பது என்று நான்கு வருடம் சொல்லிக்கொடுத்தார்கள். கேட்கிற நோயாளியைப் பற்றி ஒரு பாடமாவது வைத்திருக்கலாம்.