ஓடைக்கரையில் ஷிப்ட் முடிந்தபோது

மில்காரர்களுக்குக் கை பேசும். மிஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது. அதனால் எல்லாவற்றுக்கும் ஒரு சைகை வைத்திருந்தோம். மேலுதட்டை நீவினால் மேஸ்திரி வருகிறார். கட்டைவிரலை வாய்க்குக் காட்டினால் டீ. தோளில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டால், ஷிப்ட் முடிந்தது, கிளம்புகிறேன். பெண்கள் கழுத்துத் தாலியைப் பிடிக்கிற மாதிரி இரண்டு விரலைச் சேர்த்தால், அது அவரவர் வீட்டுக்காரர்.

நான் ஃபிட்டர். என் மனைவி அதே மில்லில் நூல் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் இருந்தாள். நாங்கள் பழகியதே கையால்தான். ஒரு வார்த்தை பேசாமல் கல்யாணம் வரை வந்துவிட்டோம் என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். கல்யாணத்துக்குப் பிறகு ஷிப்ட் விட்டதும் நான் முந்திக்கொண்டு வெளியே வந்து, சைக்கிளோடு மில் கேட்டில் நிற்பேன். மழை பெய்தாலும் நிற்பேன்.

இப்போது அவளுக்கு மறதி நோய். முதலில் அடுப்பை மறந்தாள், பிறகு தெருவை மறந்தாள். போன கோடையோடு பேச்சையும் விட்டுவிட்டாள். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் அவள் முகத்துக்கு நேரே குனிந்து, "நான் யாரு, சொல்லு பாப்போம்" என்று பரீட்சை வைப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாதிப் பேரை நானே விரட்டியிருக்கிறேன். அவர்கள் போனபிறகு நானும் அதையேதான் கேட்பேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சாவதற்குள் ஒரே ஒரு தடவை என்னை இன்னார் என்று அவள் கண்டுகொள்ள வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

வீட்டில் கையைக் காட்டியும் பார்த்தேன், பலிக்கவில்லை. அமைதியான வீட்டில் கை எதற்குப் பேச வேண்டும்? அவளுக்குச் சத்தம் வேண்டும் என்று பட்டது. மில்லுக்குள் இனி நம்மை யார் விடப்போகிறார்கள்? ஐப்பசி மழை பிடித்து, அய்யனார் கோவில் ஓடையில் தண்ணீர் இரைகிறது என்று டீக்கடையில் பேச்சு வந்ததும் மகளைக் கூப்பிட்டு, காரை எடு என்றேன்.

"மழக்காலத்துல அம்மாவக் கூட்டிக்கிட்டுக் காட்டுக்குள்ள போவணுமாப்பா? கிறுக்கு புடிச்சிருச்சா?"

"புடிச்சிருச்சு. வண்டிய எடு."

செக்போஸ்ட்டில் பையைத் திறந்து பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்த்த வனக்காவலர், "ஓடையத் தாண்டிராதிய, தண்ணி கூடுது" என்று சொல்லி கேட்டைத் திறந்துவிட்டார். கரையோரப் பாதையில் நடந்தோம். ஈர இலை வழுக்கியது. மகள் ஒரு கையும் நான் ஒரு கையுமாக அவளைப் பிடித்துக்கொண்டோம். உள்ளே போகப் போகச் சத்தம் கூடியது. தண்ணீர் பாறையில் விழுகிற இடத்தில் எங்கள் பேச்சு எங்களுக்கே கேட்கவில்லை. அங்கே ஒரு கல்லில் அவளை உட்காரவைத்தேன்.

அந்தக் காலத்தில் மிஷினுக்கு அந்தப் பக்கம் நிற்பதுபோல அவளுக்கு எதிரே நின்று, கட்டைவிரலை வாய்க்குக் காட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள். மடியில் கிடந்த விரல்கள் அசைந்தன. வேண்டாம் என்று கையாட்டிவிட்டு மேலுதட்டை நீவினாள். மேஸ்திரி வருகிறார், போ என்கிறாள்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

என் நெஞ்சைத் தொட்டு, நான் யார் என்று கையால் கேட்டேன். பரீட்சைதான். கேட்காமல் இருக்க முடியவில்லை.

அவள் என்னைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு கழுத்தடியில் இரண்டு விரலைச் சேர்த்தாள். ஆனால் அந்தக் கை என் பக்கம் வரவில்லை. நாங்கள் வந்த பாதையைக் காட்டியது. என் வீட்டுக்காரர் கேட்டில் நிற்கிறார் என்று கையாலேயே சொன்னாள். தோளில் இல்லாத பஞ்சைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

அம்மாவை மெதுவாகக் கூட்டி வா என்று மகளுக்குச் சைகை காட்டிவிட்டு நான் முன்னால் ஓடினேன். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு எப்படி ஓடினேனோ. செக்போஸ்ட்டில் வனக்காவலரின் பைக் நின்றது. அதன் ஹேண்டில்பாரில் ஒரு கையை வைத்துக்கொண்டு, அன்றைக்கு மில் கேட்டில் நின்ற மாதிரியே நின்றேன். அவர் கேட்டைத் திறந்துவைத்தார்.

அவள் வந்தாள். முகம் அப்படி மலர்ந்திருந்தது. கேட்டைத் தாண்டியதும் அவள் கண் என் மேல் பட்டு, நிற்காமல் ரோட்டுக்குப் போனது. ரோட்டின் அந்தக் கடைசி வரைக்கும் தேடினாள். முகம் வாடியது.

"அவிய இன்னும் வரலையே" என்றாள்.

எத்தனையோ மாதம் கழித்து அவள் குரலைக் கேட்கிறேன். மகள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டாள்.

"வந்துருவாக" என்றேன். "செத்த நேரம் நிப்போம்."

அவள் தலையாட்டினாள். முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, வேற்று ஆம்பளையிடம் விடுகிற இடைவெளியை விட்டு என் பக்கத்தில் நின்றாள். இரண்டு பேரும் எனக்காகக் காத்திருந்தோம்.