கரண்டு போன நேரத்து ராணி

கரண்டு போனால் முதலில் காதுதான் வலிக்கும். காலையிலிருந்து ஓவர்லாக் மிஷின்கள் ஒரே ஓலமாய் ஓடிக்கொண்டிருந்த கொட்டகையில் திடீரென்று அத்தனையும் அடங்கிப்போகும்போது, காதுக்குள் ஒரு ‘ங்ஙொய்’ மட்டும் மிச்சம் நிற்கும். அதுவரை மேலே மிதந்துகொண்டிருந்த பனியன் பஞ்சு மெள்ள இறங்கி எங்கள் இமையிலும், மேலுதட்டு வேர்வையிலும் வந்து ஒட்டும். அந்த அமைதியில் ஒரு தாள் புரளும் சத்தம் கேட்டால் போதும், நாங்கள் முப்பது பெண்பிள்ளைகளும் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு சரசக்காவைச் சுற்றி உட்கார்ந்துவிடுவோம்.

எனக்கு அப்போது பதினொரு வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ‘கைமடி’. டெய்லர் தைக்கத் தைக்கப் பக்கத்தில் நின்று, துணியின் அடி ஓரத்தை மடித்துக் கொடுக்கிற வேலை அது. இரண்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றுபோனதற்கு நான் அப்போதும் வெட்கப்பட்டதில்லை, இப்போதும் இல்லை. நான் மடித்துக் கொடுத்த ஓரம் ஒரு நூல்கூடக் கோணாது என்று டெய்லர்கள் சண்டை போட்டு என்னைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அது எத்தனை பேருக்கு வாய்க்கும்.

சரசக்கா எட்டாவது வரை படித்தவள். செக்கிங்கில் உட்கார்ந்து, தைத்து வந்த பனியனை விரித்துப் பார்த்து, எண்ணெய்க் கறை பட்டதைத் தனியே போடுவாள். ‘கறை பீஸ்’ என்று அதற்குப் பெயர். பீஸ் கட்டுவதற்காகப் பழைய காகிதத்தை எடைக்கு வாங்கிப் போட்டிருப்பார்கள். அந்தக் குப்பையில்தான் ஒருநாள் அவளுக்கு ஒரு கதைப் புத்தகம் கிடைத்தது. மேலட்டை இல்லை. கடைசிப் பக்கங்களும் இல்லை. வச்சிரராசன் என்ற மகாவீரனின் கதை என்று உள்ளே போட்டிருந்ததாம். கரண்டு போகும்போதெல்லாம் அதைச் சரசக்கா உரக்கப் படிப்பாள்; கரண்டு வந்துவிட்டால் விட்ட இடத்தில் ஒரு நூல்பிசிறை வைத்து மூடிவிடுவாள். கரண்டு வரக்கூடாது என்று நாங்கள் வேண்டிக்கொண்டது முதலாளிக்குத் தெரிந்திருந்தால் அத்தனை பேரையும் வெளியே அனுப்பியிருப்பார்.

வீரம் என்றால் வெட்டுவது என்றுதான் நாங்கள் புரிந்துவைத்திருந்தோம். அந்தப் புத்தகம் எங்களுக்கு அப்படித்தான் சொன்னது. ‘இன்னிக்கு எத்தனை தலீங்க்கா’ என்று கேட்டுக்கொண்டேதான் உட்காருவோம். பத்துத் தலைக்குக் குறைந்தால் முகம் வாடிப்போகும். வச்சிரராசன் யானையைக் குத்தினான், மதிலைத் தாண்டினான், எதிரி ராசா தன் மனைவி செண்பகவல்லியைத் தூக்கிப் போய்விட்டான் என்று ஏழு நாட்டைக் கொளுத்திக்கொண்டு போனான். பிசிறு வெட்டுகிற கத்தரியை நீட்டிப் பிடித்து, தொங்குகிற துணியை எதிரியாக்கி நானும் வெட்டியிருக்கிறேன். இவ்வளவு வெட்டுக்கும் நடுவில் அந்தச் செண்பகவல்லி ஒரு வார்த்தையாவது பேசினாளா என்று எங்களில் ஒருத்திக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ராணியை மீட்டுக்கொண்டு வந்து கோட்டை வாசலில் நிறுத்திய இடத்தில் ஒருநாள் கரண்டு வந்துவிட்டது. அதற்கு மறுநாள்தான் மயிலக்காவுக்கு அது நடந்தது.

மயிலக்காவுக்குப் பதினாறு வயதிருக்கும். என்னைப்போலவே கைமடி. துணி எடுத்துவர அவளைக் குடோனுக்கு அனுப்பினார்கள். உள்ளே கட்டிங் மாஸ்டர் இருந்திருக்கிறார். அவள் கையைப் பிடித்து இழுத்து, கதவைச் சாத்தப் பார்த்திருக்கிறார். உதறிக்கொண்டு ஓடி வந்தவளின் தாவணி தோளில் கிழிந்து தொங்கியதை நான் பார்த்தேன். மாஸ்டர் பின்னாலேயே, ஒன்றும் நடக்காதவர்போல், அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாரும் மயிலக்காவைத்தான் பார்த்தார்கள். அதிலும் பேரதிர்ச்சி, அவளைக் கூட்டிப்போக வந்த அவளுடைய அம்மாவே, ‘இனி உன்னெ ஆரு கட்டுவா, இதுக்கு நீ அங்கயே செத்திருக்கலாம்’ என்று கொட்டகை நடுவில் நின்று சொன்னது.

நான்காம் நாள் மயிலக்கா வேலைக்கு வந்தாள். அவளோடு யாரும் பேசவில்லை. டெய்லர் கூப்பிட்டபோதுகூட ‘ஏய்’ என்றுதான் கூப்பிட்டார். மூன்று நாளாய்ப் போகாத கரண்டு அன்று மத்தியானம் போனது. எல்லாரும் சரசக்காவைச் சுற்றி நெருங்கி உட்கார, மயிலக்கா மட்டும் மூட்டை ஓரமாய்த் தனியே உட்கார்ந்தாள். நான் சின்னவள், எனக்கு விவரம் பத்தாது. அவள் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டேன். அவள் தாவணி முந்தியில் ஏதோ முடிந்து வைத்திருந்தாள். கடலைக்காய் என்று நினைத்து, ‘எனக்கு ரண்டு குடுங்க்கா’ என்றேன்.

‘அது திங்கறதில்ல கண்ணு’ என்று முடிச்சைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

சரசக்கா பிசிறை எடுத்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினாள். வழக்கம்போலக் கணீரென்று ஆரம்பித்தாள். செண்பகவல்லி கோட்டை வாசலில் நிற்கிறாள், வச்சிரராசன் அவளை ஏறிட்டுப் பார்க்கிறான் என்பது வரை வந்தது. அங்கே நின்றுவிட்டாள். அவள் கண் மட்டும் வரிவரியாய்க் கீழே இறங்கியது. பிறகு தலை தூக்கி மூட்டை ஓரத்தைப் பார்த்தாள். ஏதோ கடினமான எழுத்து, கூட்டிப் பார்க்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். ‘மேல படிங்க்கா’ என்று யாரோ சிணுங்கினார்கள்.

சரசக்கா குரலை இறக்கிக்கொண்டு படித்தாள்.

‘அப்போது செண்பகவல்லியானவள் சொல்லுவாள்: மன்னா கேளுங்க. கறை சீலைக்குத்தானுங்க, எனக்கில்லீங்க. ஆத்துல தண்ணி ஓடுது, தொவைச்சாப் போயிருமுங்க. தப்புப் பண்ணுனவன் அவன், நான் எதுக்குங்க தலை குனியோணும். நெம்ப தூரம் நடந்து வந்திருக்கறனுங்க, பசிக்குது, சோறு போடச் சொல்லுங்க.’

ஒரு தலைகூட வெட்டப்படவில்லை, ஆனால் அன்றைக்கு யாரும் எத்தனை தலை என்று கேட்கவில்லை. கட்டிங் டேபிளில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்த மாஸ்டர்தான் எழுந்து வந்தார்.

‘அந்தப் புக்குல அப்பிடியா போட்டிருக்குது? குடு, பாக்கலாம்’ என்று கையை நீட்டினார்.

சரசக்கா தயங்கவில்லை. விரித்த பக்கத்தை அப்படியே அவர் கையில் கொடுத்தாள். அவர் பார்த்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். அவர் முகம் கருத்துக்கொண்டே வந்தது.

‘என்னுங்க மாஸ்டர், நாந் தப்பாப் படிச்சுட்டனுங்களா?’ என்றாள் சரசக்கா. ‘அப்ப நீங்களே உரக்கப் படிங்க. ஒரு வரி உடாமப் படிங்க. அல்லாரும் கேக்கட்டும்.’

மாஸ்டர் புத்தகத்தை அவள் மடியில் போட்டுவிட்டு வெளியே போய் நின்றார். ‘மாஸ்டருக்குப் படிக்கத் தெரியாது டோய்’ என்று நான்தான் முதலில் சொன்னேன். முப்பது பேரும் சிரித்தோம். அன்றிலிருந்து அவர் எங்கள் பக்கம் வரும்போதெல்லாம் யாராவது ஒருத்தி, ‘அ, ஆ’ என்று முணுமுணுப்பாள். மூன்று மாதத்தில் அவரே வேறு கம்பெனி பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் பொழுதோட வேலை விட்டு வரும்போது, சாயப்பட்டறைத் தண்ணீர் ஓடுகிற பள்ளத்தருகே மயிலக்கா நின்று முந்தியை அவிழ்த்தாள். உள்ளே இருந்தது அரளிக்கொட்டை. அதை அரைத்துக் குடித்தவர்களைக் கட்டிலில் தூக்கிக்கொண்டு ஓடியதை எங்கள் தெருவில் நான் பார்த்திருக்கிறேன். இரண்டு கொடு என்று கை நீட்டியவள் நான். அவள் ஒவ்வொன்றாய்ப் பள்ளத்தில் எறிந்தாள். எறிந்து முடித்து, ‘பசிக்குது, வா’ என்றாள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த வருசம் சரசக்காவை அவிநாசிபாளையத்துப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். போகும்போது, ‘நீதான் எழுத்துக் கூட்டுவே’ என்று புத்தகத்தை என்னிடம் கொடுத்தாள். வெட்டுத்துணியில் சுற்றி டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். அதற்குப் பிறகு அதை நான் பிரிக்கவில்லை. பஸ் போர்டு படிக்கவும் ரேஷன் கார்டு படிக்கவும் என் எழுத்து போதும். மனப்பாடமாய்த் தெரிந்த கதையை எழுத்துக் கூட்டிக் கஷ்டப்படுவானேன் என்று இருந்துவிட்டேன். செண்பகவல்லி சொன்னது என் வாயில் எப்போதும் இருந்தது. என் வீட்டுக்காரர் காலமான பிறகு ஊர் என்னைப்பற்றி என்னென்னவோ பேசியபோது அதைத்தான் சொல்லிக்கொண்டு இரண்டு மிஷின் போட்டேன். இன்றைக்கு மகன் ஐம்பது மிஷின் ஓட்டுகிறான்.

போன மாசம் கண்ணில் புரை எடுத்தார்கள். ஒரு மாசம் அடுப்பண்டை போகக்கூடாது என்று மகன் சொல்லிவிட்டான். கைக்கு வேலையில்லை, கண்ணுக்கோ புது வெளிச்சம். பெட்டியைத் திறந்து, மஞ்சளாகிப்போன அந்தப் புத்தகத்தை எடுத்து, விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாய் ஊர்ந்தேன். கோட்டை வாசல் வந்தது. ராசா ஏறிட்டுப் பார்த்தான். அதற்குக் கீழே இருந்தது வேறு.

மாற்றான் தொட்ட மங்கை, கறைபட்டவள், கோட்டைக்குள் வரலாகாது என்கிறான் வச்சிரராசன். செண்பகவல்லி ஒரு வார்த்தை பேசவில்லை. அவனைக் கும்பிட்டுவிட்டு, கோட்டைக் கிணற்றில் குதித்துச் செத்துப்போகிறாள். ‘அவளல்லவோ வீரமங்கை’ என்று போட்டு, வானத்திலிருந்து பூ கொட்டியதாக அச்சடித்திருக்கிறது. அப்புறம் ராசா, அவளைத் தொட்ட எதிரியின் கையை மணிக்கட்டோடு வெட்டி, முச்சந்தியில் ஆணியடித்துத் தொங்கவிட்டானாம். அதுவும் வீரமாம்.

மறுபடி கூட்டிப் படித்தேன். பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நகத்தால் பிரித்துப் பார்த்தேன். சோறு போடச் சொல்லுங்க என்ற வார்த்தை அந்தப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. சரசக்கா அன்றைக்கு உள்ளபடி படித்திருந்தால், மூட்டை ஓரத்தில் முடிச்சோடு உட்கார்ந்திருந்த மயிலக்கா பொழுதோட எங்கே போயிருப்பாள். அப்புறம்தான் மாஸ்டர் நினைவு வந்தது. அந்த மனிதருக்குப் படிக்கத் தெரியும். ஒரு வரி விடாமல் படி என்றால், தொட்ட கையை வெட்டியதையும் முப்பது பெண்பிள்ளைகள் முன்னால் அவர் வாயாலேயே படிக்க வேண்டும். அது தெரிந்துதான் சரசக்கா புத்தகத்தை நீட்டியிருக்கிறாள். நான்கு வருசத்துக்கு முன்னால் அவள் எழவுக்குப் போய்த் தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டு வந்தேனே, அப்போதுகூட எனக்கு இது தெரியாது.

முதலிபாளையத்தில் மகள் வீட்டோடு இருக்கிற மயிலக்காவிடம், புத்தகத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தேன் என்று போனில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ‘கொண்டுட்டு வா கண்ணு, அந்தப் பக்கத்தப் படி, கேக்கோணும்’ என்றாள். இரண்டு நாள் தூக்கம் இல்லை. இந்த வயதில் அவளுக்கு அந்தக் கிணற்றைக் காட்டுவதா. பஸ் ஏறிப் போய், அவள் எதிரில் உட்கார்ந்து, பக்கத்தை விரித்து, எழுத்தின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே, ‘மன்னா கேளுங்க, கறை சீலைக்குத்தானுங்க’ என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். சாமர்த்தியமாய்ச் செய்துவிட்டேன் என்ற நினைப்பு எனக்கு.

மயிலக்கா பொக்கைவாயால் சிரித்தாள். ‘சரசு அந்த எடத்துல சித்த நேரம் நின்னா. நீ நிக்காமப் படிச்சுட்டியே.’

நான் பக்கத்தின்மேல் இருந்த விரலை எடுத்துக்கொண்டேன்.

‘எந்த ஊரு ராணி செக்கிங் புள்ளையாட்ட, கறை தொவைச்சாப் போயிருமுங்கன்னு பேசுவா? அன்னிக்கே தெரியும் கண்ணு.’

அறுபது வயதைத் தாண்டியும் அது உறைக்காமல் இருந்தவள் நான் ஒருத்திதான் போலிருக்கிறது. ‘தெரிஞ்சுமா அந்தக் கொட்டையைப் பள்ளத்துல எறிஞ்சீங்க?’ என்று கேட்டேன்.

‘ராணி சொன்னதுக்கா எறிஞ்சேன்? சரசு சொன்னதுக்கு எறிஞ்சேன். அந்த மாஸ்டர் அங்கயே நிக்கறான், அவம் முன்னால சொன்னா பாரு.’

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. பக்கத்துத் தொழிற்பேட்டையில் அத்தனை மிஷினும் அடங்கி, காதுக்குள் அந்தப் பழைய ‘ங்ஙொய்’ எழுந்தது. அரை நிமிசம்கூட ஆகவில்லை, வரிசையாக ஜெனரேட்டர்கள் உறுமத் தொடங்கிவிட்டன. எங்கள் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கம்பெனி வேன்கள் நிற்கின்றன. என் மகனிடம் வேலை செய்கிற பிள்ளைகள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஆளுக்கொன்று கேட்கிறார்கள். முப்பது பேர் ஒரே குரலைக் கேட்பதற்குத் தோதான அந்த நீண்ட அமைதி இந்த ஊரில் இனி இல்லை.

‘மிச்சத்தையும் படிக்கட்டுங்களாக்கா?’ என்று கேட்டேன்.

‘மூடி வை’ என்று சொல்லிவிட்டு மயிலக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ‘நெம்ப தூரம் வந்திருக்கறே. வா, சோறு போடறேன்.’