எடெல்மாவும் சாம்பல் நிறப் பெட்டியும்

மூடியைக் கழற்றியதும் எடெல்மா முதலில் முகர்ந்து பார்ப்பார். கணினிக்குள் கருகல் வாடை இல்லையென்றால்தான் மாட்டே இலைத்தூள் போட்ட குடுவையில் வெந்நீர் ஊற்றிக் குழலால் ஒரு வாய் உறிஞ்சுவார். பிறகு பூதக்கண்ணாடியோடு குனிந்து, சில்லுகளின் மேலுள்ள எண்களை உரக்கப் படிப்பார். எண் சுரண்டப்பட்டிருந்தால் முகம் கடுத்துவிடும். "பாரு, பேரக்கூட அழிச்சு வச்சிருக்கான். பெத்தவன் செய்ற காரியமா இது?"

எழுபத்திரண்டு வயது. மரியாதையாக 'டோன்யா எடெல்மா' என்று கூப்பிடுவோம். உருகுவேயின் பைசாந்து நகரத் தொலைபேசி நிலையத்தில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தவர். அலுவலகங்கள் கழித்துக்கட்டிய கணினிகளைக் கொண்டுவந்து, அவற்றில் லினக்ஸ் போன்ற கட்டற்ற இயங்குதளங்களை ஓட வைப்பது அவருடைய பித்து. ஒரு காலத்தில் எங்களில் ஒன்பது பேருக்கு அந்தப் பித்து இருந்தது. சனிக்கிழமை மதியங்களில் நூலகத்தின் பின்னறை, ஜன்னலில் மழை, தட்டில் சுடச்சுடப் பொரித்த மாவு ரொட்டி. எண்ணெய்க் கையோடு யாராவது டிஸ்கைத் தொட்டால் எடெல்மா போடும் சத்தம் தெருவரை கேட்கும். பிறகு சிலர் ஸ்பெயினுக்குப் போனார்கள். மற்றவர்கள் புதுக் கணினி வாங்கிக்கொண்டார்கள். இப்போது நானும் அவரும்தான் மிச்சம்.

அந்த நாட்களில் ஓர் அச்சகத்திலிருந்து வந்தது சாம்பல் நிறக் கணினிப் பெட்டி ஒன்று. எல்லாம் ஓடியது, மற்ற கணினிகளோடு பேச வேண்டிய அட்டை மட்டும் வாய் திறக்கவில்லை. அதன் விவரக் குறிப்புகளைக் கேட்டுத் தயாரிப்பாளருக்கு மூன்று கடிதங்கள் எழுதினார். தர இயலாது என்று ஒரு வரியில் பதில் வந்தது.

"வீட்ட வித்துட்டுச் சாவிய மட்டும் அவனே வச்சுக்குவானாமா?"

பெட்டியோடு வந்த பழைய இயங்குதளம் அந்த அட்டைக்கு என்னென்ன எண்களைக் கொடுக்கிறது, என்ன வாங்குகிறது என்று ஒட்டுக்கேட்டு நோட்டில் குறிக்கத் தொடங்கினார். பதினான்கு மாதம். ஆறு நோட்டு. அவற்றை வைத்து அட்டையை இயக்கும் நிரலைத் தானே எழுதினார். ஒரு சனிக்கிழமை, பக்கத்து மேசையிலிருந்த என் கணினிக்கு அந்தப் பெட்டியிலிருந்து முதல் செய்தி வந்து விழுந்தது.

"டோன்யா எடெல்மா, வந்துருச்சு!" என்று கத்தினேன்.

அவர் எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதார். தான் எழுதிய நிரலை, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று வெளியிட்டார்.

ஒரே குறை: பத்து நாளுக்கு ஒருமுறை பெட்டி உறைந்துபோகும். "வெயில்டா தார்டோ, வெயில்" என்பார் என்னிடம், கொட்டும் குளிரிலும்.

சென்ற மாதம் பொலிவியாவிலிருந்து நெய்டா வில்கா என்ற பள்ளி ஆசிரியை கடிதம் அனுப்பியிருந்தார். அவருடைய பள்ளியில் அதே பெட்டிகள் மூன்று ஓடுகின்றன. ஆனால் அவை உறைந்துபோவதற்குக் காரணம் எடெல்மாவின் நிரலிலேயே உள்ள ஒரு பிழை: அட்டை பதில் சொல்வதற்கு அது போதிய நேரம் காத்திருப்பதில்லை. திருத்தத்தையும் இணைத்திருந்தார். நான் பயந்துகொண்டே படித்துக் காட்டினேன்.

எடெல்மா கடிதத்தை வாங்கித் திருத்தத்தை வரிவரியாகத் தானே படித்தார்.

"பதினெட்டு வருஷமா வெயிலப் போட்டுத் திட்டிருக்கேனேடா."

திருத்தத்தைச் சேர்த்து ஓடவிட்டார். இருபது நாட்கள் பெட்டி ஒருமுறைகூட உறையவில்லை. இருபத்தோராம் நாள் நிரலைத் திறந்து, எழுதியவர் பெயர் வரும் இடத்துக்குப் போனார்.

"அந்தப் பொண்ணு பேரு எப்படி எழுதணும்? சரியாப் பாத்துச் சொல்லு. தப்பா அடிச்சிரக் கூடாது."

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். ஒற்றை விரலால் நிதானமாகத் தட்டினார், தன் பெயருக்கு மேலே.