படம் வராத சனிக்கிழமை

எங்கள் வீட்டு டிவிக்கு வைத்தியம் பார்க்கத் தெரியாத ஆள் எங்கள் குடும்பத்திலேயே கிடையாது. அதனாலோ என்னவோ, அது ஒரு நாளும் முழு ஆரோக்கியத்தோடு இருந்ததில்லை. படம் வந்தால் சத்தம் வராது. சத்தம் வந்தால் செய்தி வாசிக்கிறவர் முகம் பச்சையாக இருக்கும். இரண்டும் ஒழுங்காக வந்துவிட்டால் கரண்டு போய்விடும். அரசாங்கம் ஊருக்கெல்லாம் கொடுத்த பெட்டிதான் அது. மற்ற வீடுகளில் சமர்த்தாக ஓடியது. எங்கள் வீட்டுக்கு வந்தது மட்டும் பிறவியிலேயே வம்பு பிடித்தது.

அப்பாவுக்குத் தெரிந்தது அடி வைத்தியம். டிவியின் இடது பக்கத்தில் உள்ளங்கையால் ஒரு தட்டு, சொல்வழி கேட்கவில்லை என்றால் இன்னொன்று. அம்மாவுக்கு அடிப்பது ஆகாது. சுவிட்சை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஆறப்போட வேண்டும் என்பாள், அதுவும் எம்புட்டு நேரந்தான் ஓடும் என்று பரிதாபப்படுவாள். என் பங்குக்கு நான் ரிமோட்டின் பேட்டரிகளைக் கழற்றிப் பல்லால் கடித்து, இடம் மாற்றிப் போடுவேன். எங்களையெல்லாம் விடப் பெரிய டாக்டர் மாமா. அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, சிவகாசியில் பட்டாசு லேபிள் அடிக்கிற அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறவர். அவர் வந்தால் டிஷ் பெட்டியிலிருந்து கார்டை உருவி, சட்டை நுனியில் துடைத்து, வாயால் ஊதி, சாமிக்குச் சூடம் காட்டுகிற பக்தியோடு மறுபடி செருகுவார். பெரும்பாலும் அவர் வைத்தியம் பலித்துவிடும். அதனால் மாமாவால் முடியாத டிவி வேலை உலகத்தில் கிடையாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காகம் உட்கார்ந்து டிஷ் திரும்பிவிட்டால் மட்டும் மூன்று ஆள் தேவைப்படும். அப்பா மாடியில் நின்று டிஷ்ஷைத் திருப்புவார், அம்மா முற்றத்தில் நிற்பாள், நான் டிவி முன்னால். வந்துருச்சா என்று மேலேயிருந்து கேட்பார், அம்மா அதையே என்னிடம் கேட்பாள், நான் வரவில்லை என்பேன், அம்மா அதை மேலே அனுப்புவாள். இப்போது என் வீட்டுச் சுவரில் தொங்குகிற டிவி மக்கர் பண்ணினால் போனில் புகார் சொன்னால் போதும், ஒரு பையன் பையோடு வந்து நிற்கிறான். சௌகரியம்தான். எனக்கு அந்த டிவியின் மேல் மரியாதையே கிடையாது.

எங்கள் ஊர் எம். புதுப்பட்டிப் பக்கம். எங்களுக்கு நிலம் இருந்தது, மழைதான் இருக்கவில்லை. விதைத்தது முளைக்காமல் போக ஆரம்பித்த பிறகு அப்பா கம்பெனிக்குப் போனார். எங்கள் பக்கம் கம்பெனி என்றால் பட்டாசு ஆலை என்றுதான் அர்த்தம். வெடிக்குள் போகிற பொடியை மருந்து என்போம்; அப்பாவுக்கு மருந்து கலக்கிற அறையில் வேலை. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, பொறி பட்டுவிடும் என்று வாசலிலேயே தடவிப் பார்ப்பார்கள். அதனால் அப்பாவின் போன் பகல் முழுவதும் டிவிக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடக்கும். எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் அப்படித்தான். ஆள் வேலைக்குப் போயிருக்கும், போன் வீட்டில் இருக்கும்.

அன்றைக்குச் சனிக்கிழமை. சம்பள நாள் என்பதால் சாயங்காலம் அப்பா சேவுப் பொட்டலத்தோடு வருவார். தீபாவளி ஆர்டர் நெருக்குகிற சீசன், காலையில் இருட்டோடு கிளம்பிப் போயிருந்தார். எனக்குப் பள்ளிக்கூடம் லீவு. நாலு மணிக்கு ஒரு பொம்மைப் படம் போடுவார்கள், வாரம் ஒரு தடவைதான் வரும். போன வாரம் நல்ல கட்டத்தில் நிறுத்தித் தொலைத்திருந்தார்கள். அந்த ஏழு நாளும் எனக்கு வேறு நினைப்பே இல்லை.

வெடிச்சத்தம் எங்களுக்குப் புதிதில்லை. கம்பெனிகளில் சரக்கைப் போட்டுப் பார்ப்பார்கள், அதற்கெல்லாம் தெருநாய்கூடத் தலை தூக்காது. மத்தியானச் சோறு தின்று முடித்த நேரத்தில் வந்தது அந்த மாதிரிச் சத்தம் இல்லை. காலுக்கடியில் தரை உதறியது, சன்னல் கதவு தானாக அடித்துக்கொண்டது. அம்மா பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு மாடிக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன். விஸ்வநத்தம் பக்கத்து வானத்தில் புகை ஏறிக்கொண்டிருந்தது. அப்பாவின் கம்பெனி அந்தத் திசையில்தான் இருந்தது. அந்தத் திசையில் இன்னும் எத்தனையோ கம்பெனிகளும் இருந்தன. அம்மா புகையை ரொம்ப நேரம் பார்க்கவில்லை. இறங்கி வந்து டிவியைப் போட்டாள்.

எங்கள் பக்கத்தில் விபத்து நடந்தால் நடந்து போய்த் தெரிந்துகொள்வதற்குள் டிவியில் வந்துவிடும். அன்றைக்கு அந்த டிவி ஒரு தட்டுக்குக்கூட அவசியமில்லாமல் பளிச்சென்று ஓடியது. சிவகாசி அருகே பட்டாசு ஆலையில் வெடி விபத்து என்று கீழே எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது. எந்த ஆலை என்று சொல்லவில்லை, விவரம் சற்று நேரத்தில் என்றார்கள். அம்மா ஓடுகிற எழுத்தைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா உயிரோடு இருக்கிறாரா என்பதை அந்த எழுத்துதான் அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் அப்பாவின் போன் அடிக்க ஆரம்பித்தது. போன் வீட்டில்தான் கிடக்கும் என்று எங்கள் சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பதற்றத்தில் அது யாருக்கும் நினைவு வருவதில்லை. அம்மா எடுத்து ஒரு வார்த்தை பேசுவதற்குள், எடுத்துட்டீகளே மாப்ளே, அது போதும் என்று ஒருவர் அந்தப் பக்கம் தழுதழுத்தது எனக்கே கேட்டது. அம்மா அவரைப் பேசி முடிக்க விட்டாள்.

“நாந்தான் பேசுறேன். அவுக வேலைக்குப் போயிருக்காக” என்று மற்ற நாட்களில் சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

அடுத்தடுத்து வந்த எல்லோருக்கும் அதே பதில்தான்.

மாமாவின் பைக் சத்தம் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. மாமா இருந்தால் எப்படியாவது கெஞ்சிக் கூத்தாடி நாலு மணிக்குச் சேனலை மாற்றிவிடலாம். அவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். அம்மாவைப் பார்க்கவில்லை, நேராக டிவியைப் பார்த்தார். நான் கொண்டுபோய்க் கொடுத்த தண்ணீரை வாங்கி, குடிக்காமல் தரையில் வைத்தார்.

“என்னக்கா, படம் ஆடுது?” என்றார்.

படம் ஆடவே இல்லை. அதை நான் சொல்லவும் செய்தேன். ஆடுது, காத்துக்கு டிஷ் அசைஞ்சிருக்கும், பாத்துட்டு வாரேன் என்று மாமா மாடிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் படம் அப்படியே நின்றது, கட்டம் கட்டமாக உடைந்தது, அப்புறம் நீல நிறமாகிவிட்டது. சிக்னல் இல்லை என்று நடுவில் ஒரு வரி மட்டும் நின்றது. மாமா இறங்கி வந்து, அடடா, சுத்தமாப் போயிருச்சே என்றார்.

அதற்குப் பிறகு அவர் செய்த வைத்தியத்தைப் போல நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. கார்டை உருவினார், துடைத்தார், ஊதினார், செருகினார். பின்பக்க வயர்களைக் கழற்றினார், நிறம் மாற்றிச் செருகினார், மறுபடி கழற்றினார். திருப்புளியால் பெட்டியின் மூடியைத் திறந்து உள்ளே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். திருப்புளி கையில் நிற்காமல் நழுவி நழுவி விழுந்தது. மிஷின் ஓட்டுகிற மாமாவுக்கு ஒரு திருகைக் கழற்ற இவ்வளவு நேரமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள். மற்ற நாளாயிருந்தால் ஆளுக்கொரு யோசனை சொல்லி டிவியை ஒரு வழி பண்ணியிருப்பார்கள். அன்றைக்கு யோசனை சொன்னது அம்மா மட்டும்தான். வோல்டேஜ் கம்மியாயிருக்கும், கொஞ்சம் ஆறப்போட்டுப் பார் என்றாள். மாமா ஆறப்போட்டார். பேட்டரியை மாற்றிப் பார் என்றாள். சிக்னல் இல்லாததற்கும் ரிமோட் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கே தெரியும், மாமா மறுபேச்சில்லாமல் அதையும் கழற்றினார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அக்காளும் தம்பியும் அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“மெதுவாப் பாரு தம்பி. அவசரம் ஒண்ணும் இல்ல” என்றாள் அம்மா.

அவசரம் எனக்கு இருந்தது. நாலாகப் போகிறது. எதிர்வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, சத்தத்தை மட்டும் சுத்தமாகக் குறைத்து வைத்திருந்தார்கள். அதன் வெளிச்சம் அவர்கள் சுவரில் மாறி மாறி அடிப்பது எங்கள் வாசலில் இருந்தே தெரிந்தது. அந்த வீட்டுப் பெரியம்மா எங்கள் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தாள். நாம எல்லாரும் அங்கன போய்ப் பார்ப்போமே என்றேன். இவ்வளவு எளிய வழி பெரியவர்கள் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள், வலிக்கிற மாதிரிப் பிடித்தாள்.

“எங்கயும் போக வேண்டாம். நம்ம டிவியிலயே பாத்துக்கிருவோம்.”

கையை உதறிக்கொண்டு மாடிக்குப் போனேன். இவர்களை நம்பிப் பிரயோசனமில்லை, நானே டிஷ்ஷைத் திருப்பிவிடலாம் என்பது என் திட்டம். டிஷ் எப்போதும் போல இருந்த இடத்தில் இருந்தது, ஒரு காக்காய்கூட உட்காரவில்லை. கீழே வருகிற கம்பிதான் டிஷ்ஷில் இல்லை. அதைத் திருகிக் கழற்றி, சுருட்டி, நுனியில் தூசி படாமல் ஒரு செங்கல்லுக்கு அடியில் வைத்திருந்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நோய் இன்னதென்று கண்டுபிடித்தாயிற்று, அதுவும் மாமாவால் முடியாததை நான் கண்டுபிடித்துவிட்டேன். படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினேன்.

“மாமா, கம்பி கழண்டு கெடக்கு. யாரோ கழத்திச் சுருட்டி வச்சிருக்காக.”

ஒருவரும் சபாஷ் சொல்லவில்லை. மாமா கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, டிவி மேசையின் காலில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். ஹெல்மெட்டை அப்போதுதான் கழற்றினார். அப்பாவின் போன் மறுபடி அடித்தது, யாரும் எடுக்காமல் அடித்து ஓய்ந்தது. அம்மா அந்த நீலத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“தெரியும் தாயி. இன்னுங் கொஞ்ச நேரம் அப்படியே கெடக்கட்டும்” என்றாள்.

தெரியுமா? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கம்பி கழன்றது தெரியும், மாட்டினால் படம் வரும் என்பதும் தெரியும், எல்லாம் தெரிந்துகொண்டே எல்லோருமாகச் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு தாண்டிவிட்டது. இந்நேரம் பாட்டு முடிந்து படமே ஆரம்பித்திருக்கும், இனி அடுத்த சனிக்கிழமைதான். இந்தப் பெரியவர்களிடம் நியாயமே கிடையாது என்று நினைத்தேன். சுவரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தேன். பேச்சு எதுவும் வரவில்லை, வெறும் அழுகைதான் வந்தது.

எதிர்வீட்டுப் பெரியம்மா எழுந்து ஓடி வந்து என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். என் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு அவளும் அழுதாள். அவள் அழுததும் சுவரோரம் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வாய்விட்டு அழுதார்கள். மாமா முழங்காலுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். என் படத்துக்காக இத்தனை பேர் அழுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது, பயத்தில் இன்னும் ஓங்கி அழுதேன்.

அம்மா அப்போதுதான் திரும்பினாள். மற்ற யாரையும் பார்க்காமல் என்னை மட்டும் பார்த்தாள். மெதுவாக நகர்ந்து வந்து என் முகத்தை நிமிர்த்தினாள்.

“ஒனக்கு யாரு தாயி சொன்னா?” என்று கேட்டாள்.

அவள் எதைக் கேட்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. எல்லாப் பழியையும் எதன் மேல் போட வேண்டுமோ அதன் மேல்தான் போட்டேன். விம்மலை அடக்க முடியாமல், கையை நீட்டி, படம் வராத அந்த டிவியைக் காட்டினேன். அதைப் பார்த்த பிறகுதான் அம்மா அழுதாள்.